கேப்டன் வில்வன் இன்னும் தொங்குகிறான்

கேப்டன் வில்வன் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே பாறை. பாறையைச் சுற்றிச் சுறா. மேலே யாரோ ஒருவன், கையில் கத்தி. கத்தி கயிற்றில் பாதி இறங்கிவிட்டது. ‘யார் நீ?’ என்று கேப்டன் கத்துகிறான். அத்தோடு மூன்றாவது கட்டம் முடிந்தது.

மறுநாள் பேப்பரை எல்லப்பன் பார்க்கவில்லை. மறுநாள் அவன் தலைமன்னாரில் கப்பல் ஏறிவிட்டான்.

கொழும்பில் அச்சாகும் அந்தப் பேப்பர் கடல் தாண்டி இந்தப் பக்கம் வராது. அதில் தினம் மூன்று கட்டமாக வந்த ‘கலங்கரைக் கைதி’ படக்கதையும் வராது. ஆனால் ஆட்கள் வந்தார்கள். இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்த குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, நீலகிரிக்கு ஏறி வந்தன. மஞ்சூருக்கு மேலே இருந்த இந்தத் தோட்டத்துக்கு ஒரு குடும்பம் வந்து சாமான்களை இறக்கினால், லயத்து வரிசை வீட்டு ஆட்களின் முதல் கேள்வி ‘அங்கே எந்தத் தோட்டம்?’ என்பது. இரண்டாவது கேள்வி, ‘கேப்டன் என்ன ஆனான்?’

கடைசிக் கப்பலில் வந்தவனுக்குத்தான் கதை அதிகம் தெரியும். அடுத்த கப்பல் வரும்வரை அவன் ராஜா. போகிற இடமெல்லாம் தேத்தண்ணியும் பன்னும் கிடைக்கும்.

அப்படி வந்த கதையைத் தோட்டம் முழுக்கக் கொண்டுபோனது டெலிபோன். கைப்பிடியைச் சுற்றி மணியடிக்கும் பழைய பெட்டி. ஆபீஸ், ஃபேக்டரி, மூன்று டிவிஷன், எல்லாவற்றுக்கும் ஒரே கம்பி. ஒருவர் பேசினால் எல்லோரும் கேட்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மணிக்கணக்கு. மூன்றாம் டிவிஷனுக்கு ஒரு நீளம், ஒரு குட்டை. சாயங்காலம் இலை நிறுத்து, எடையைச் சொல்லி முடித்ததும், ஆபீஸிலிருந்து மூன்று குட்டை மணி அடிக்கும். அது எந்த இடத்துக்கும் உரிய மணி அல்ல. கேப்டனுக்கு உரிய மணி.

அதை அடிப்பவள் யூனிஸ். ஊட்டிக்குப் பக்கத்துக் காந்தல்காரி. ஆபீஸில் டைப் அடிப்பதும் டெலிபோன் பார்ப்பதும் அவள் வேலை. அந்தப் பேப்பரை அவள் வாழ்க்கையில் கண்ணால் பார்த்ததில்லை. முழுக் கதையையும் காதாலேயே படித்தவள்.

“ஏனுங்க, அந்தக் கேப்டனுக்கு மீசை உண்டுங்களா?” என்பாள்.

“உண்டு மிஸ். முறுக்கு மீசை,” என்பான் கதை சொல்ல வந்த புது ஆள்.

“இல்லீங்களே! போன மாசம் வந்த அம்மா மழுமழுன்னு இருப்பாருன்னு சொன்னாங்க. நான் அப்படியேதான் நினைச்சிட்டிருக்கறேன். இனி மாத்த முடியாதுங்க.”

“மாறுவேஷத்துக்காக மழிச்சிருப்பான்,” என்பார் ஃபேக்டரியிலிருந்து டீமேக்கர் ஹெர்பர்ட். “அது கெடக்கட்டும். அந்த ஒற்றைக் கையுறைக்காரன் பத்து நாளா படி ஏறிட்டே இருக்கானே, அது என்ன நியாயம்? நானும் தினம் இந்த ஃபேக்டரி மாடிக்கு ஏறுறேன். எனக்கு எவனாவது படம் போடுறானா?”

கம்பி முழுக்கச் சிரிப்பு. மூன்றாம் டிவிஷன் கொட்டகையில் மட்டும் ரிசீவர் கொக்கியிலேயே தொங்கும். அங்கே காவல் வேலை பார்த்த எல்லப்பன், மூன்று குட்டை மணி கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவான்.

கதை பிடிக்காமல் அல்ல. காத்தாயிக்காக.

காத்தாயி அவனுடைய மாமன் மகள். நிச்சயம் ஆனவள். அங்கே தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நர்ஸம்மா வாங்கும் பேப்பரை மத்தியானம் அவள் படிப்பாள். சாயங்காலம் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது இருவரும் அன்றைய மூன்று கட்டத்தைப் பிரித்து மேய்வார்கள். சண்டை பிடிப்பார்கள். பிறகு அவன் குடும்பத்துக்கு முதலில் பாஸ்போர்ட் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு வரவில்லை. ஸ்டேஷனில் ரயில் நகரும்போது அவள் அழவில்லை. ஜன்னலோடு கூடவே நடந்து வந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

“தினம் படிச்சு வைக்கிறேன் மச்சான். நான் வந்துதான் சொல்லுவேன். வேற எவன் வாயாலயும் கேட்டீங்க, அப்புறம் நான் கப்பலே ஏற மாட்டேன்!”

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எல்லப்பனுடைய கேப்டன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தான். லயத்தில் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் எல்லப்பன் எழுந்து போய்விடுவான். ஆட்களும் பழகிவிட்டார்கள். அவன் தலை தெரிந்தால் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

இந்த நேரத்தில்தான் இருளப்பன் வந்து சேர்ந்தான்.

கடைசிக் கப்பல். கதை நுனிவரை தெரியும். ஃபேக்டரியில் இலை உலர்த்தும் மாடியில் வேலை. வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. தோட்டத்தில் எல்லோரும் கையேந்தும் கதையைக் கேட்க மறுக்கிற ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்ததும் அவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

“அண்ணே, ஒரே ஒரு வார்த்தை. ஆளு பேரு கூட இல்ல. ஆம்பளையா பொம்பளையான்னு மட்டும்.”

“கிட்ட வராதடா!”

“கத்தி எந்தக் கையில இருந்துச்சுன்னாச்சும்...”

எல்லப்பன் ஒரு கல்லை எடுத்தான். இருளப்பன் சிரித்துக்கொண்டே ஓடினான்.

ஒரு நாள் கொட்டகையில் மணி அடித்தது. ஒரு நீளம், ஒரு குட்டை. அவனுடைய மணிதான். எடை கேட்கிறார்கள் என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான்.

“அண்ணே, கயிறை அறுத்தது யாருன்னா, அவனோட சொந்த...”

ரிசீவரை அறைந்து மாட்டினான். சொந்த என்ன? தம்பியா? மாமனாரா? சொந்தக் கத்தியா? அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. காத்தாயிக்குப் பாதித் துரோகம் செய்துவிட்டதுபோல் இருந்தது.

மறுநாளிலிருந்து அவன் தன் மணியையும் நம்பவில்லை. மேஸ்திரி குமாரசாமி கொட்டகையில் இருந்தால் அவரை எடுக்கச் சொன்னான். அவர் இல்லாவிட்டால் மணி அடித்து அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டான்.

காத்தாயியின் குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது, இந்தத் தோட்டத்துக்கே கேட்டு எழுதியிருக்கிறோம் என்று கடிதம் வந்தது. எந்த நாள் என்று அதில் இல்லை. யூனிஸிடம் மட்டும் சொல்லி வைத்தான்.

“வந்த நிமிசமே மணி அடிக்கறேனுங்க,” என்றாள் யூனிஸ்.

அடிக்கத்தான் அடித்தாள்.

அன்று மத்தியானம் மஞ்சூர் பஸ் நிறுத்தத்திலிருந்து தோட்டத்து லாரி ஆபீஸ் வாசலில் வந்து நின்றது. வயதான தம்பதி இறங்கினார்கள். பின்னால் ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு பெண் குதித்தாள். குளிரில் உதடு வெளுத்திருந்தது. கண் மட்டும் எல்லாப் பக்கமும் தேடியது.

“பேருங்க?” என்றாள் யூனிஸ்.

“காத்தாயி.”

யூனிஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். “அடேயப்பா! நீங்கதானுங்களா அது! உக்காருங்க, உக்காருங்க. இதோ கூப்பிடறேன்.”

கைப்பிடியைச் சுற்றினாள். ஒரு நீளம், ஒரு குட்டை. பதில் இல்லை. மறுபடி. மறுபடி.

மூன்றாம் டிவிஷனில் எல்லப்பன் பெட்டியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குமாரசாமி மேஸ்திரி மேல் மலையில் இருந்தார். மணி விடாமல் அடித்தது. ‘அடிடா, அடி,’ என்று மனசுக்குள் சொன்னான். ‘இன்னைக்கு என்னைப் பிடிக்க முடியாது.’

ஆபீஸில் யூனிஸின் கை வலித்தது. ஃபேக்டரி மணியை அடித்தாள். ஹெர்பர்ட் எடுத்தார்.

“ஏனுங்க சார், அவசரமுங்க! காத்தாயி வந்துட்டாங்க. எல்லப்பன் போனை எடுக்க மாட்டேங்கறார். யாரையாவது மூணாம் டிவிஷனுக்கு ஓடச் சொல்லுங்க.”

“நல்லா ஓடுறவன் ஒருத்தன்தான் சும்மா நிக்கிறான்,” என்றார் ஹெர்பர்ட்.

அது இருளப்பன்.

விஷயத்தைக் கேட்டதும் இருளப்பன் முகம் மாறிவிட்டது. இந்த முறை அவன் விளையாட நினைக்கவில்லை. குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் புகுந்து, மூச்சிரைக்க மேடேறினான். கொட்டகை கண்ணில் பட்டதும் இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான்.

“அண்ணே! சேதி! சேதி கொண்டாந்திருக்கேன்!”

எல்லப்பன் பார்த்தான். போனில் முடியாததை நேரில் சொல்ல வருகிறான்! ஆட்காட்டி விரல் இரண்டையும் காதுக்குள் திணித்தான். ஓடினான்.

“அண்ணே, நில்லுங்க! மதினி! மதினி வந்திருக்கு!”

எல்லப்பன் தன் காதுக்குள் கடல் இரைவதை மட்டும் கேட்டான். செடி வரிசைக்குள் புகுந்து, கவ்வாத்துக் குச்சிகள் காலைக் கிழிக்க, சரிவில் இறங்கினான். கொழுந்தெடுத்த பெண்கள் கூடையோடு நிமிர்ந்து பார்த்தார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஒருவன். கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஒருவன்.

“என்னாடி இது, குளவி கலைஞ்சிருச்சா?” என்றாள் ஒருத்தி.

ஒருவரும் யோசிக்கவில்லை. கூடைகளை எறிந்துவிட்டு அவர்களும் ஓடினார்கள்.

ஆபீஸில் காத்தாயிக்குப் பொறுமை போயிருந்தது. “வழியக் காட்டுங்க, நானே போறேன்,” என்று பெட்டியைத் தலையில் தூக்கினாள். அப்பாவும் அம்மாவும் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிப் பாதையில் அவள் முதல் வளைவைத் தாண்டியபோது மேலே சரிவு முழுக்க ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்தாள். முன்னால் வந்தவனை அந்தத் தூரத்திலும் அடையாளம் தெரிந்தது. அவன் இரண்டு காதிலும் விரல்.

காத்தாயிக்கு யாரும் எதையும் விளக்கவில்லை. விளக்க வேண்டியும் இருக்கவில்லை. பெட்டியைப் பாதையில் வைத்தாள். இத்தனை நாள் கழித்தும் இந்த மனுஷன் கேட்கவில்லை.

எல்லப்பன் கடைசி வரிசையைத் தாண்டிப் பாதையில் குதித்தான். நிமிர்ந்தான். நின்றான். விரலை எடுக்கக்கூடத் தோன்றவில்லை.

அவள் வந்து இரண்டு கையையும் பிடித்து இறக்கினாள்.

“வந்துட்டேன் மச்சான்.”

“எப்போ?”

“அதைச் சொல்லத்தான் அந்தப் புள்ளை உசிரைக் குடுத்து ஓடியாறான்.”

இருளப்பன் வந்து பாதையோரம் தொப்பென்று விழுந்தான். பெண்களும் வந்து நின்று, குளவி எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் இருளப்பனை வாய் நிறைய வைதார்கள். பிறகு காத்தாயியைப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள்.

“இவன் போன்ல சொன்னதுல பாதி என் காதுல விழுந்துருச்சு,” என்றான் எல்லப்பன் மெதுவாக. “‘அவனோட சொந்த’ன்னு மட்டும். நானா கேட்கல.”

காத்தாயி இருளப்பனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்த இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டான்.

“அதை மறந்துருங்க. நான் மொதல்லேர்ந்து சொல்றேன்.”

எல்லப்பன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். இருவரும் நடந்தார்கள். சொல்லாமலே இருளப்பனும் பின்னால் வந்தான். வளைவில் பனி இறங்கிக்கொண்டிருந்தது.

“கத்தி பாதி இறங்கியிருந்துச்சு,” என்று ஆரம்பித்தாள் காத்தாயி.

“ஆமா.”

“கேப்டன் மேல பாக்குறான். மொத கட்டம். கையுறை போட்ட கை மட்டும் தெரியுது. ரெண்டாங் கட்டம்.”

“மூணு?”

“கயிறு அறுந்துருச்சு.”

எல்லப்பன் நின்றுவிட்டான். “அறுந்துருச்சா?”

“அறுந்துருச்சு.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான் இன்னைக்கு. நான் ஒவ்வொரு நாளும் இப்படித்தானே மச்சான் படிச்சேன்?”

“மதினி, இது அநியாயம்!” என்று பின்னாலிருந்து இருளப்பன் அலறினான். “இந்தக் கணக்குல சொன்னா அடுத்த வருசம்தான் முடியும்! மனுசன் தாங்குவாரா?”

எல்லப்பன் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“உனக்கென்னடா,” என்றான். “எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”