ஏழாவது துப்பாக்கி

உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கதவைக் காலால் தள்ளித் திறந்து, நிலவறைப் படிகளில் பாதி இறங்கிய கர்ட்டிஸ் அப்படியே நின்றுவிட்டான். மேலே சமையலறையில் இருந்த ஃப்ரிட்ஜ் நிரம்பி வழிந்தது. சாவு விழுந்த மூன்று நாளில் தேவாலயத்துப் பெண்கள் கொண்டுவந்து குவித்த பன்றித்தொடைக் கறியும் பீன்ஸும் ஆப்பிள் பை பலகாரமும் ஒரு கல்யாணத்துக்குக் காணும். மிச்சத்தைக் கீழே பழைய ஃப்ரிட்ஜில் வை என்று யாரோ சொல்ல, அவனும் யோசிக்காமல் கிளம்பிவிட்டான். பழைய ஃப்ரிட்ஜ் இருப்பது அப்பாவின் பட்டறைக்குள் என்பது பாதிப் படியில்தான் உறைத்தது.

அப்பா வர்ஜில் செத்தது அந்தப் பட்டறையில்தான். மேலே அம்மா ஆர்வில்லா அந்தக் கதையைக் காலையிலிருந்து நான்காவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முட்டி போட்டிருந்தாரு. தலை பெஞ்சு ஓரத்துல சாஞ்சிருந்துது. ஏதோ ஸ்பிரிங் தெறிச்சு ஓடிருச்சு, தேடுறாருன்னு நெனைச்சேன். வாரத்துக்கு ரெண்டு வாட்டி இதே கூத்துதானே. 'ஆம்புட்டுச்சா?'ன்னு கேட்டேன். பதிலே இல்ல. ஊசி மொனை ஸ்பிரிங்குக்கு எம்மேல என்ன கோவம்னு, காபியை வச்சுட்டு மேல வந்துட்டேன். ஒரு மணி நேரம்டி. ஒரு மணி நேரம் துணி மடிச்சிட்டிருந்தேன்."

யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். கர்ட்டிஸ் மீதிப் படிகளையும் இறங்கினான்.

கீழே சித்தப்பா ஹார்லன் கோட்டும் டையுமாக, இடுப்பில் கை வைத்தபடி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகன் டுவைன். அவன் ஷெரிஃப் அலுவலகத்தில் துணை அதிகாரி. சவ ஊர்வலத்துக்கு முன்னால் விளக்குப் போட்ட காரை ஓட்டப்போகிறவன் அவன்தான் என்பதால் சீருடையிலேயே வந்திருந்தான். இருவருக்கும் நடுவில், பச்சை விளக்குக்குக் கீழே, மடித்த துணியின் மேல் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது.

கர்ட்டிஸ் கிண்ணத்தோடு ஒரு அடி பின்னால் போனான்.

"வாடா உள்ள. அது ஒண்ணும் கடிக்காது. காலிதான், நானே பாத்துட்டேன்" என்றார் சித்தப்பா.

"கை ரெண்டும் அந்தக் கிண்ணத்துலயே இருக்கட்டும், அது போதும்" என்றான் டுவைன். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனாலும் சொன்னான். சிறைக்குப் போய்வந்தவன் துப்பாக்கியைத் தொட்டால் மறுபடி சிறைதான். அந்தச் சட்டம் இந்த வீட்டில் சாப்பாட்டு மேஜைக்குக்கூடத் தெரியும்.

கர்ட்டிஸ் சிறைக்குப் போன கதையும் ஒரு துப்பாக்கியில்தான் தொடங்கியது. ஜெர்மனியில் சண்டை முடிந்து திரும்பும்போது தாத்தா பைக்குள் போட்டுக்கொண்டு வந்த துப்பாக்கி அது. காகிதம் கிடையாது, அதன் எண்ணை யாரும் எங்கேயும் குறித்து வைத்ததும் கிடையாது. ஞாயிறு மதியத்தில் அதற்கு எண்ணெய் போடுவது சிறுவயதில் கர்ட்டிஸின் வேலை. ஒன்பது வயதில் அதைச் சிமெண்ட் தரையில் நழுவவிட்டு, மேல் இரும்பில் ஒரு பள்ளம் விழ வைத்தவனும் அவன்தான். இருபத்திரண்டு வயதில் சுரங்கத்தில் முதுகு போனது, டாக்டர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், பிறகு டாக்டர் நிறுத்தியும் மாத்திரை நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை, கடைவாசலில் கார் நிறுத்துகிற இடத்தில், பெயர் தெரியாத ஒருவனிடம் மாத்திரைக் காசுக்காகத் தாத்தாவின் துப்பாக்கியை விற்றுவிட்டான். அடுத்து விற்றதெல்லாம் மாத்திரை. அதற்கு அடுத்தது சிறை. அவன் மாத்திரையை விட்டு ஐந்து வருடமாகிறது. அப்போது பேச்சை விட்ட அப்பா மட்டும் அதை மறுபடி தொடவே இல்லை. நன்றி சொல்லும் நாள் விருந்துகளில் "அந்த உப்பை எடு" என்பதுதான் அவர் மகனிடம் பேசிய நீளமான பேச்சு.

"இது எத்தனாவது தெரியுமாடா?" என்று கேட்டார் சித்தப்பா.

"என்ன எத்தனாவது?"

"அப்ப உனக்குத் தெரியாதா? ஏழாவது. உங்க தாத்தாவோட துப்பாக்கி ரகம்தான், அதே காலத்துது. எந்த ஊர்ல துப்பாக்கிச் சந்தை நடந்தாலும் உங்கப்பன் போயிருவான். மேஜை மேஜையாத் தேடுவான். துருப்புடிச்சது ஒண்ணைத் தூக்கிட்டு வருவான். துருவைச் சுரண்டிப் பாத்துட்டு 'இது இல்ல'ம்பான். தொடைச்சு, சரி பண்ணி, வேற எவனுக்காச்சும் வித்துருவான்."

கர்ட்டிஸ் கிண்ணத்தை ஃப்ரிட்ஜின் தலைமேல் வைத்தான். உள்ளே வைக்க வேண்டும் என்பது மறந்துபோயிருந்தது.

"எதுக்குத் தேடினாரு?"

"கேட்டா சொல்ற ஆளா அவன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சித்தப்பா."

"எங்கிட்ட மட்டும் என்ன சொன்னான்? நானாப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான்." சித்தப்பா டையைத் தளர்த்தினார். "ஆனா இது மத்த ஆறு மாதிரி இல்லடா. அதெல்லாம் ரெண்டு வாரத்துல வந்த வழியே போயிரும். இது அக்டோபர்லேர்ந்து இங்கதான் கெடக்கு. அந்தப் பிடியைப் பாரு. வால்நட் கட்டை வாங்கி அவனே செதுக்கிருக்கான்."

பிடியின் ஒரு பக்கத் தகடு பொருத்தியிருந்தது. மறுபக்கத் தகடும் அதன் திருகாணியும் துணியில் தனியாகக் கிடந்தன. இரும்பு முழுக்க அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, கருநீல மெருகு ஏற்றியிருந்தார். துருவின் சுவடே இல்லை.

"பள்ளம்?" என்று கேட்டான் கர்ட்டிஸ்.

"அதைத்தான் நாங்களும் அரை மணி நேரமாத் தேடுறோம்" என்றான் டுவைன். "கண்ணாடி மாதிரி இருக்கு."

"அப்ப இது இல்ல."

"இல்லன்னா எதுக்கு நாலு மாசம் ஒக்காந்து இழைக்கிறான்? அதுதான்டா இது. பள்ளத்தை உங்கப்பனே தேச்சு எடுத்துட்டான்."

"பள்ளத்தை வச்சுத்தானே சித்தப்பா அடையாளம் தேடினாரு. அதைப் போய் ஏன் எடுக்கணும்?"

சித்தப்பா குனிந்து இரும்பை மறுபடி பார்த்தார். டுவைன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். பள்ளம் இருந்ததை அப்பா தேய்த்து எடுத்தாரா, பள்ளமே விழாத வேறொரு துப்பாக்கியா? எடுத்தார் என்றால் அது மன்னிப்பா, இல்லை அவன் இந்த வீட்டில் விட்டுப்போன கடைசித் தடயத்தையும் அழித்தாரா? கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய மனிதர் ஆற்றங்கரைத் தெரு இறுதிச்சடங்குக் கூடத்தில் பெட்டிக்குள் நீலக் கோட்டோடு படுத்திருக்கிறார். கர்ட்டிஸுக்கு அழுகை வந்தது. எதற்கான அழுகை என்று பிடிபடாததில் எரிச்சலும் வந்தது.

படியில் செருப்புச் சத்தம். அம்மா கறுப்பு உடையில், கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். அப்பா விழுந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து மேஜையருகில் நின்றாள்.

"எல்லாரும் கோட்டு மாட்டியாச்சு. நீங்க மூணு பேரும் இங்க என்ன பண்றீங்க?" என்றவள், துப்பாக்கியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "ஹார்லன், இது அதுதானா?"

"தெரியல அண்ணி. நான் அதைத் தொட்டே நாப்பது வருசம் இருக்கும்."

"இவனுக்குத் தெரியும். வாராவாரம் மடியில வச்சுக்கிட்டு எண்ணெய் போட்டவன் இவன்தானே." அவள் மகனின் சட்டைக் கையைப் பிடித்தாள். "பாத்துச் சொல்லு கர்ட்டிஸ். கடைசி வரைக்கும் கெடைக்காமலே போயிட்டாரா, இல்ல கெடைச்சுதான் போனாரா? நான் பாட்டுக்கு காபியை வச்சுட்டு வந்துட்டேன். அது ஒண்ணாவது எனக்குத் தெரியணும்."

"கண்ணால பாத்தா ஒண்ணும் தெரியலம்மா. கையில எடுத்தாத்தான்..." என்றவன் டுவைனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

டுவைன் பெல்ட்டைச் சரிசெய்தான். மெல்ல நடந்து, கூரையோரத்தில் இருந்த சின்ன ஜன்னலடியில் போய், எல்லாருக்கும் முதுகைக் காட்டி நின்றான். "பனி கரைய ரோட்டுல உப்பு போட்டாங்களான்னு பாக்குறேன். நேத்து நல்ல பனி" என்றான்.

"அந்த ஜன்னல்ல ஏதுடா ரோடு?" என்றார் சித்தப்பா. "பனி முழுசா மூடிக் கெடக்கு."

"கொஞ்ச நேரம் பாத்தா தெரியும்பா."

சித்தப்பாவும் மேஜையைவிட்டு ஒரு அடி விலகி நின்றார். கர்ட்டிஸ் கையைக் கால்சட்டையில் தேய்த்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான். குளிர்ந்திருந்தது. கைக்கு எதுவும் நினைவு வரவில்லை. அன்று எண்ணெய் போட்டது சின்னக் கை, பிடித்தது பழைய பிடி. இந்தக் கட்டை தடிமனாக, யாருடைய உள்ளங்கைக்கு அளவெடுத்தது என்றே தெரியாமல் இருந்தது. கட்டைவிரலால் மேல் இரும்பைத் தடவினான். ஓரிடத்தில் ஏதோ லேசாக இறங்கியதுபோல் பட்டது. மறுபடி தடவினான். ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை எந்த இடம் என்பதே குழம்பிவிட்டது.

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுதாம்மா" என்றான்.

"நெசமா?"

"தாத்தாவோடதுதான். பள்ளத்தை அப்பா தேச்சு எடுத்துட்டாரு. எடம் தெரியுது பாரு, இங்க."

விரல் வைத்துக் காட்டினான். அம்மா குனிந்து பார்த்தாள். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய கண்ணாடியை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. அது இல்லாமல் அவளால் சர்ச் பாட்டுப் புத்தகத்தில் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியாது.

"ஆமா. தெரியுது" என்றாள். நிமிர்ந்து, "அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரியாம நாலு மாசம் ஒக்காருவாராம்மா?"

"அதானே."

அவள் கைக்குட்டையை மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஹார்லனின் கோட்டுக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். படியேறப் போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெறுங்கையால பிடிச்சிருக்க பாரு. தொடைச்சு வை. வேர்வை பட்டா அப்புறம் துரு ஏறும்."

சித்தப்பா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். வெளியே முதல் கார் ஹாரன் அடித்தது. கர்ட்டிஸ் எண்ணெய்த் துணியை எடுத்து, பிடியிலிருந்து தொடங்கி, தன் விரல் பட்ட இடமெல்லாம் துடைத்தான்.

"நேரமாச்சாடா?" என்று கேட்டான்.

"நான் போகாம எந்தக் காரும் நகராது. நீ மெதுவா தொடை" என்றான் டுவைன், ஜன்னலை மூடியிருந்த வெள்ளையைப் பார்த்தபடியே.

கர்ட்டிஸ் துணியைத் திருப்பி மடித்து, அம்மாவுக்குக் காட்டிய இடத்தை மறுபடியும் துடைத்தான்.