இடக்கை ஆக்சிலேட்டர்

பக்கவாதத்தில் வலக்கை செயலிழந்த பிறகும், பனியிலும் சேற்றிலும் ஓடும் தன் பழைய மூன்று சக்கர வண்டியை லக்ஷன் விடுவதாயில்லை. டோர்வல் விமான நிலையத்தில் வண்டிகளைத் திருத்தும் அவன் மனைவி தாட்சாயினி, திட்டித் திட்டியே அதற்குப் புது கார்புரேட்டர் போட்டாள். இழுத்து ஸ்டார்ட் பண்ணும் கயிற்றை எடுத்துவிட்டு பட்டன் வைத்தாள். ஆக்சிலேட்டரை இடப்பக்கம் மாற்றினாள். முதல் பனி விழுமுன் அவன் கண்ணை மூடிவிட்டான்.

பனி கரைந்ததும் வண்டியை வாங்க வந்தவன் ஹரிபிரசாத், சென்னைப் பையன்.

"வண்டி சூப்பர்க்கா. ஆக்சிலேட்டரை மட்டும் ரைட்டுக்கு மாத்திக் குடுத்துடுங்களேன்."

"அது சரிவராது தம்பி," என்றாள் சுள்ளென்று. "அவருக்கு வலக்கை வழங்காது."

ஹரிபிரசாத் அந்த 'அவரை'த் தேடி வீட்டு வாசலைப் பார்த்தான். தாட்சாயினியும் திரும்பிப் பார்த்தாள்.