ஹால்வர் பெயரில் ஒரு டயாட்டம்

எங்கள் மொன்டானா ஆற்றுநீர் ஆய்வகத்தில் யாராவது "புது இனம்" என்றால் எனக்கு மூக்கு அரிக்கும். பழைய தொப்பியைத் தூசி தட்டிப் புதுசென்று விற்ற அப்பாவுக்குப் பிறந்தவன் நான்.

இந்த முறை சொன்னது பக்கத்து நுண்ணோக்கிக்காரி சோல்வைக். கணவன் ஹால்வர் தூண்டில் போட்ட ஓடையில், அவன் இறந்த வசந்தத்தில் அவள் எடுத்து வந்த கல்லில் இருந்தது அந்த டயாட்டம். கண்ணாடி ஓடு போர்த்த பாசி; குட்டை, மழுங்கிய முனை, நடுவில் ஒற்றைப் புள்ளி. அதற்கு ஹால்வர் பெயரை வைத்துக் கட்டுரையும் எழுதிவிட்டாள். அனுப்புமுன் என்னைச் சரிபார்க்கச் சொன்னாள்.

அதே ஓடையில் இலையுதிர்காலத்தில் எடுத்த மாதிரியின் கண்ணாடித் தகடு அலமாரியில் கிடந்தது. எண்ணெய்ச் சொட்டு வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். நீளமாக ஒன்று, எல்லா ஆற்றிலும் கிடைக்கிற பழைய இனம். அடுத்தது கொஞ்சம் குட்டை. அடுத்தது இன்னும். கடைசியில் சோல்வைக்கின் குட்டையன். ஓட்டில் ஓடும் கோடுகளின் நெருக்கமும் நடுப்புள்ளியும் எதிலும் மாறவில்லை.

டயாட்டம் பெட்டியும் மூடியுமாக இருக்கும். இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு பாதியும் மூடியாகிக்கொண்டு, உள்ளே சின்னதாகப் புதுப் பெட்டி செய்துகொள்ளும். போகப் போக வம்சத்தில் ஒரு கிளை குட்டையாகிவிடும்; இனம் அதேதான். எங்களுக்கு இது அரிச்சுவடி. அழகான குட்டையன் கண்ணில் பட்டதும் மறந்துபோகிற அரிச்சுவடி.

"என்ன, மூஞ்சி தொங்குது? பேரம் படியலையா?" என்றாள்.

"நீயே பாரு தாயே. மெதுவா நகர்த்து."

பார்த்தாள். தகட்டை ஓரத்திலிருந்து ஓரம்வரை நகர்த்தினாள்.

"பாவி! அனுப்பின பிறகு கண்ணுல பட்டிருக்கக் கூடாதா?"

"அப்புறம் வேற எவனாவது ஹால்வர் பேரைத் தப்புன்னு அச்சுலயே அடிச்சு விட்டிருப்பான்."

"ரெண்டு இனம் கலந்து கிடக்கலாம்ல?"

"கலந்திருந்தா நெட்டைக்கும் குட்டைக்கும் நடுவுல இடைவெளி இருக்கும். கோடுகளை எண்ணிப் பாரு."

எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"கடைசியில அவனும் இப்படித்தான் சுருங்கிப் போனான். ஒரு சட்டை நிக்கல. அதுக்காக வேற பேரு சொல்லியா கூப்பிட்டேன்?"

அவள் கட்டுரைத் தலைப்பைக் குறுக்கே அடித்தாள்.

"எல்லா நீளத்தையும் படம் எடுத்து ஒரே பக்கத்துல போடுவோம். அடுத்தவளாவது ஏமாறாம இருக்கட்டும்."

"எந்தப் பேருல?"

"பழைய பேருலதான். பெருசுலேர்ந்து ஆரம்பி" என்று நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள்.