போட்டாண்ட ஒருத்தி

ஞாயிறு மதியங்களில் காலடிப்பேட்டையில், ஆன்றோ வீட்டு மளிகைக் கடையின் மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதைக்குள் போகும் விளையாட்டு. கதையை நடத்துபவன் ஆன்றோ.

போன மாதம் கதையில் எல்லோரும் படகில் போய் ஒரு தீவில் இறங்கினோம். புதையல் என்றதும் மற்றவர்கள் காட்டுக்குள் ஓடினார்கள். "நான் போட்டாண்ட கீறேன், நீங்க போங்க" என்று படகின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். படகை அநாதையாக விட்டுப் போகிறவர்களை எங்கள் மீனவக் குப்பத்தில் ஆளாகவே மதிக்க மாட்டார்கள். ஆன்றோ கடைக்காரன் மகன். ஷட்டரை இழுத்துவிட்டால் கடை அங்கேயே இருக்கும். படகு அப்படியா?

அதன்பிறகு என் முறை வரவேயில்லை. மற்றவர்கள் தங்கள் முறை முடிந்ததும் போனை நோண்டினார்கள். நான் நோண்டவில்லை. மனதுக்குள் நங்கூரக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன், உள்ளே ஏறிய தண்ணீரை இறைத்தேன். அவர்கள் ஓடி வந்தால் உடனே கிளப்ப வேண்டுமே.

இன்று அவர்கள் புதையலோடு ஒரு மந்திரக் கதவு வழியாக நேராக ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கைதட்டினார்கள். கதை முடிந்தது.

"உதயா, அடுத்த கதையில நீ இன்னாவா வரப்போற?" என்றாள் கீர்த்தி, செருப்பை மாட்டிக்கொண்டே.

"நான் இன்னும் தீவுலதான் கீறேன்."

"அய்ய, உன்னிய மறந்தே போயிட்டோம்டி!" சிரித்துக்கொண்டே படியிறங்கினாள். மற்றவர்களும் போனார்கள்.

நான் பகடையைக் கையில் எடுத்தேன். "ஆன்றோ, காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

அவன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைப் பூட்டச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.