மாதாவைத் தூக்குகிற கை

கிறிகோரி அண்ணைக்காகப் பரிந்து பேசிக்கொண்டு யாரும் என்னிடம் வரவேண்டாம். வந்தால் ஏசித்தான் அனுப்புவேன். அவர் கள்ளன் இல்லை என்பது எனக்கும் தெரியும். கள்ளனாக இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டு விஷயத்தை முடித்திருப்பேன்.

ஒருவரை நம்பலாமா என்று மற்ற ஊர்களில் எப்படிப் பார்ப்பார்களோ தெரியாது. இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் எங்கள் சனம், மடு மாதா திருநாளில் சுரூபத்தைத் தோளில் தூக்கிப் போகிற கூட்டின் முன் தண்டை யார் பிடிக்கிறார் என்று பார்க்கும். நான் இந்த ஊருக்கு வந்த காலம் தொட்டு முன் தண்டு கிறிகோரி அண்ணையின் தோளில்தான். அதனால் உண்டியலும் அவரிடம்தான். கோயில் உண்டியலைச் சொல்லவில்லை. இங்கே யூரோவைக் கையில் கொடுத்தால், வங்கியும் இல்லாமல் காசு அனுப்புகிற கடையும் இல்லாமல் ஊரில் ரூபாயாகப் போய்ச் சேருமே, அந்த உண்டியல். கடைக்காரன் வெட்டுகிற கூலி இல்லை, யூரோவுக்குக் கிடைக்கிற ரூபாயும் கொஞ்சம் கூட. பாஸ்போட் கேட்கமாட்டார். யாருக்கு, எதற்கு என்று குடைய மாட்டார். "மாதாவைத் தூக்கிற கை காசைத் தின்னுமோ?" என்று நாங்களே சொல்லிச் சிரித்துக்கொள்வோம்.

மன்னாரில் இருக்கிற என் தங்கை புனிதமலருக்கு மார்பில் கட்டி. யாழ்ப்பாணத்துக்குப் போய்க் காட்டினாள். சுணக்கக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புதன்கிழமை ஒப்பரேசன். செவ்வாய் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னம் காசைக் கட்டிக் கட்டில் பிடிக்கவேண்டும், இல்லாவிட்டால் கட்டில் அடுத்த ஆளுக்கு. என் மனுசன் றோபேட் கப்பலில் சமையல் வேலை. அவர் அனுப்பியது, நான் பொலிதேயாமா பக்கம் ஒரு இத்தாலிக்கார அம்மா, சிஞ்ஞோராவின் வீட்டில் கூட்டித் துடைத்துச் சேர்த்தது, எல்லாவற்றையும் வழித்தெடுத்து வெள்ளிக்கிழமை கிறிகோரி அண்ணையின் கையில் கொடுத்தேன். சனிக்கிழமை தங்கையின் கணக்கில் முழுக்காசும் விழுந்தது. ஒரு சதம் குறையவில்லை. சந்தோசத்தில் ஞாயிறு பூசைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினேன். என்னைப் போல ஒரு மடைச்சி உண்டா!

செவ்வாய் காலை சிஞ்ஞோராவின் மேசை விரிப்பை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். வட்ஸ்அப்பில் தங்கை கோல் எடுத்தாள்.

"அக்கா, நான் பொலிசிலை இருக்கிறன்."

"பொலிசோ? உன்னை ஆஸ்பத்திரிக்கெல்லோ போகச் சொன்னனான்!"

"காசு எடுக்க பாங்குக்குப் போனன். கணக்கை மறிச்சு வைச்சிருக்கினம். அது களவுக் காசாம் அக்கா. நான் ஏமாத்தி எடுத்தனானாம்."

செபமாலைச் சங்கத்தில் சில்லறை மிஞ்சினால் கூடத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள். அவளைப் பார்த்துக் கள்ளி என்றால் எந்த வாய் அவியாது?

அழுதழுது அவள் சொன்னதை நான் கோத்து எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கிளிநொச்சியில் மகேந்திரராசா என்று ஒரு பெரியவர். மகனை இத்தாலிக்கு எடுத்து விடுகிறேன் என்று ஒரு ஏஜென்சிக்காரன் போனில் கதைத்திருக்கிறான். மனுசன் உழவு மிசினை விற்றிருக்கிறார். காசை இந்தக் கணக்கில் போடுங்கோ என்று அவன் கொடுத்தது என் தங்கையின் கணக்கு நம்பர். போட்ட அன்றைக்கே அவனுடைய போன் செத்துவிட்டது. பெரியவருக்குத் தெரிந்த ஒரே பெயர் புனிதமலர். அந்தப் பெயரைச் சொல்லிப் பொலிசில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதாவது, நான் கொடுத்த யூரோ கடலைத் தாண்டவே இல்லை. அதை இங்கேயே எவனோ விழுங்கிவிட்டான். அதற்குப் பதிலாக ஒரு கமக்காரனின் வயிற்றில் அடித்து, அந்தக் காசை என் தங்கையின் மடியில் போட்டிருக்கிறான். அவள் அதை வைத்துத்தான் தன் உயிரைக் காப்பாற்ற இருந்தாள். மாதாவே!

"மார்கெரீத்தா!" என்று என் பெயரை இத்தாலியமாக்கிக் கத்திக்கொண்டு சிஞ்ஞோரா ஓடிவந்தபோதுதான் கருகல் மணம் மூக்கில் ஏறியது. விரிப்பின் நடுவில் அயர்ன் பெட்டி அளவுக்கு ஒரு ஓட்டை. மன்னிப்புக் கூடக் கேட்கவில்லை. ஏப்ரனைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன்.

அண்ணையின் வீடு இருக்கிற பிரான்காச்சோவுக்குப் போகிற பஸ் அன்றைக்கென்று ஊர்ந்தது. கிறிகோரி அண்ணை குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைக் கண்டதும் "வா பிள்ளை, இரு" என்றார்.

"இருக்க வரேல்லை. என்ர காசை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"வழக்கமா வாற தம்பியிட்டைத்தான். ஏன், ஊரிலை கிடைச்சதெல்லோ?"

"எந்தத் தம்பி? பேரென்ன?"

அண்ணை யோசித்தார். "தம்பி எண்டுதான் நான் கூப்பிடுறனான்."

"எங்கை இருக்கிறவன்?"

"ஸ்டேசனடிக்கு ஸ்கூட்டரிலை வருவான். காசை வாங்கிக்கொண்டு போயிடுவான். ஊரிலை ஆருடைய கணக்குக்குப் போடவேணும் எண்டதை நான் போனிலை அனுப்பிவிடுவன்."

"சரி, ஆளைக் கண்டாக் காட்டுவியளோ?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "மாக்கிரட்... அவன் ஒருநாளும் ஹெல்மெட் கழட்டினதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாகச் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பே அழுகையாக மாறியது. பலெர்மோவில் கூட்டித் துடைத்துக் கோப்பை கழுவுகிற அத்தனை சனத்தின் காசையும் இந்த மனுசன் ஒரு ஹெல்மெட்டிடம் கொடுத்திருக்கிறார்!

"உங்களுக்கென்ன விசரே? முகம் தெரியாதவனை என்னெண்டு நம்பினியள்?"

"மிலானோவிலை ஒருத்தர்தான் அவனை எனக்குத் தந்தவர். அவர் நல்ல மனுசன், பிள்ளை. அங்கை நடக்கிற திருநாளிலை முன் தண்டு அவர்தான் பிடிக்கிறவர்."

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கினது நான் மட்டுமல்ல. எனக்கு முன்னே அவர், அவருக்கு முன்னே மிலானோக்காரர் என்று வரிசையாக இறங்கியிருக்கிறோம். தங்கைக்கு நடந்ததை நான் சொல்லி முடித்ததும் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு போனைத் தேடி எடுத்தார். தம்பிக்கு எடுத்தார். மிலானோவுக்கு எடுத்தார். தம்பியின் போன் நிறுத்தியிருந்தது. மிலானோக்காரர் "எனக்கும் அவனைப் போனிலைதான் பழக்கம்" என்றார்.

அப்போது தங்கை திரும்ப எடுத்தாள், வீடியோவில். "அக்கா, முறைப்பாடு குடுத்த அந்த ஐயாவும் பொலிசுக்கு வந்திருக்கிறார். உன்னோடை கதைக்க வேணுமாம்."

திரையில் ஒரு மெலிந்த முகம். சேட்டின் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார்.

"பிள்ளை, நீங்கள் இத்தாலியிலையோ இருக்கிறியள்?"

"ஓம் ஐயா."

அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும்.

"அப்ப ஏஜென்சி பொய்யில்லை! நீங்கள்தானே அந்த ஆள்? ஏனம்மா போனை நிப்பாட்டினியள், நான் பயந்தெல்லோ போனன். காசு எனக்கு வேண்டாம், நீங்களே வைச்சிருங்கோ. இந்தா, இப்பவே முறைப்பாட்டைத் திருப்பி வாங்கிறன். என்ர மகனை எடுப்பன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, எனக்கு அது காணும்."

பக்கத்திலிருந்து தங்கையின் குரல் கேட்டது. "அக்கா, அவர் திருப்பி வாங்கினா இண்டைக்கே பாங்குக்குச் சொல்லிக் கணக்கைத் திறக்கலாமாம். இன்ஸ்பெக்டர் சொல்லுறார்."

கிறிகோரி அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்தார். "ஓம் எண்டு சொல்லு பிள்ளை. முதல் ஒப்பரேசன் முடியட்டும். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

ஒரு சொல். ஓம். நாளைக்கு ஆயிரம் தரம் சொல்கிற சொல்தான். அதைச் சொன்னால் தங்கைக்குக் கட்டில். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், பொய் சொல்லமாட்டேன். திறந்த வாயோடு நான் நிற்க, அந்த மனுசன் சொல்கிறார்:

"அவன் உடுப்பெல்லாம் அடுக்கி வைச்சிட்டான் அம்மா. அங்கை குளிராமெண்டு தடிச்ச ஜாக்கெட் ஒண்டும் கடன்பட்டு வாங்கினவன்."

"இல்லை ஐயா," என்றேன். என் குரல் எனக்கே யாரோ கதைப்பது போல இருந்தது. "நான் வீடு கூட்டித் துடைக்கிறவள். என்னட்டை ஏஜென்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. உங்களையும் ஏமாத்திப்போட்டாங்கள், என்னையும் ஏமாத்திப்போட்டாங்கள். அது உங்கட காசு. எடுத்துக்கொண்டு வீட்டை போங்கோ. மகனை ஒருத்தனிட்டையும் குடுத்திடாதேங்கோ."

அவர் போனைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

"நான் அனுப்புறன்," என்று கத்தினேன். "அஞ்சு மணிக்குள்ளை அனுப்புறன். பொலிசிலை விட்ட உடனை நீ போய் ஆஸ்பத்திரியிலை இரு!"

அங்கே ஐந்து மணி என்றால் இங்கே மத்தியானம் ஒன்றரை. என்னைப் போலவே வீடு துடைக்கிற மொனிகாவிடம் கடன் கேட்டேன், அவளும் கையில் இருந்ததை வெள்ளிக்கிழமை கிறிகோரி அண்ணையிடம்தான் கொடுத்திருந்தாள். நான் ஏன் கேட்கிறேன் என்று அவள் விசாரிக்கத் தொடங்க, சொல்லத் தைரியம் இல்லாமல் வைத்துவிட்டேன். சிஞ்ஞோராவுக்கு எடுத்தேன், விரிப்புக் கோபத்தில் அவள் எடுக்கவில்லை. றோபேட்டின் கப்பல் எந்தக் கடலில் நின்றதோ, இணைப்பே இல்லை. கையில் போட்டிருந்த இரண்டு காப்புத்தான் மிச்சம். அண்ணை கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீட்டினார். வாங்கினேன். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன புனிதையா?

தங்கம் வாங்குகிற கடை, சீசா என்ற எங்கள் பகுதியில், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சு வாங்க ஓடினால், ஷட்டர் இறங்கியிருக்கிறது. மத்தியானச் சாப்பாடு. இனி நாலு மணிக்குத்தான் திறப்பான். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அது நினைவு வரவில்லையே! ஷட்டரில் இரண்டு கையாலும் அடித்தேன். மேல்மாடியிலிருந்து ஒரு கிழவி தலையை நீட்டி, நித்திரை கொள்கிற நேரம் என்று என்னைத் திட்டினாள். நான் தமிழில் திருப்பித் திட்டினேன். அவளுக்கு நன்றாகவே விளங்கியிருக்கும். வேறு இரண்டு கடைக்கு ஓடிப் பார்த்தேன். அங்கேயும் பூட்டு.

ஒன்றரை மணி ஆனபோதும் அந்த நடைபாதையில்தான் நின்றேன். போனைப் பார்க்கப் பயந்து கவிழ்த்து வைத்திருந்தேன்.

நாலு மணிக்குக் கடைக்காரன் திறந்ததும் காப்பையும் சங்கிலியையும் தராசில் எறிந்தேன். அவன் சொன்ன விலைக்குத் தலையாட்டினேன். அடுத்த தெருவில் காசு அனுப்புகிற கடை. பங்களாதேசப் பொடியன் பாஸ்போட் கேட்டான், இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கேட்டான், யாருக்கு, என்ன உறவு, எதற்கு என்று கேட்டான். அவன் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். தங்கையின் கணக்கு மறிபட்டுக் கிடந்தபடியால், யாழ்ப்பாணத்தில் அவள் தங்கியிருந்த வீட்டுச் சிநேகிதி அம்பிகையின் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். அவன் வெட்டிய கூலி இரண்டு கோப்பியும் ஒரு பணிசும் வாங்குகிற காசுதான். ரசீதை மடித்து நான் வாசலைத் தாண்டவில்லை, போன் அடித்தது.

"காசு வந்திட்டுது அக்கா."

"இவ்வளவு கெதியிலையோ? அப்ப உடனை போய்க் கட்டு! கெஞ்சிக் கேள், காலிலை விழு!"

"ஆறு மணி மட்டும் பாத்திட்டு வேற ஆளுக்குக் குடுத்திட்டினம். இனி அடுத்த மாசக் கடைசியிலைதானாம்."

"டொக்டர் சுணக்கக் கூடாதெண்டவரெல்லோ!"

"ஓம். இப்பவும் அதைத்தான் சொல்லுறார். பரவிற சாதிக் கட்டியாம்."

தெருவில் ஸ்கூட்டர்கள் போய்க்கொண்டிருந்தன. நான் ஏதேதோ சொன்னேன், வேறு ஆஸ்பத்திரி பார்ப்போம், கொழும்புக்குப் போவோம் என்று. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கம்தான். ஏசவில்லை. மெதுவாகச் சொன்னாள்.

"நீ ஓம் எண்டு சொல்லியிருக்கலாம் அக்கா."