பேணாட்டின் சட்டைப் பை

உம்மு குல்சும் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் மௌத்தாகிப் போய்ச்சேர்ந்த கணவனுக்காக, மகளுக்காக, பேத்திக்காக துஆக் கேட்பாள். கடைசியில் ஒரு சட்டைப் பைக்காகவும் கேட்பாள். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். திருகோணமலை டவுனில் இருக்கிற எலெக்ட்ரீசியன் பேணாட்டின் சட்டைப் பை அது. அந்தப் பை கிழியக்கூடாது, அதைச் சுமக்கிறவன் நூறு வயது வாழவேண்டும் என்று கையேந்திக் கேட்பாள். அதே பையை ஒரு பின்னேரம் முழுக்க வாய் ஓயாமல் திட்டியவளும் அவள்தான்.

அவளுடைய ஐஸ் பெக்டரி கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் களப்போரமாக இருக்கிறது. கணவன் மஹ்ரூப் போன பிறகு, “பொம்பிளையால இது ஏலாது” என்று சொன்ன ஆட்கள் எல்லாரும் இப்போது அவளிடம்தான் வரிசையில் நின்று ஐஸ் வாங்குகிறார்கள். பெரிய பெரிய ஐஸ் கட்டிகளை ஒரு மெசினுக்குள் தள்ளினால், உள்ளே சுழலும் உருளையின் இரும்புப் பற்கள் அவற்றை நொறுக்கித் தூளாக்கி வெளியே கொட்டும். ஒரு ஆள் தூக்க ஏலாத கட்டி, கண்ணை மூடித் திறப்பதற்குள் பொடியாகிவிடும். அந்த மெசின் அப்படிப்பட்டது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெசினுக்கு எதிரே சுவரில் ஒரு இரும்புப் பெட்டி. பெனல் என்பார்கள். கதவில் ஒரு பச்சைப் பட்டன், ஒரு சிவப்புப் பட்டன். உள்ளே மூன்று வெள்ளைப் பீங்கான் பியூஸ், அதற்குக் கீழே கொன்டக்டர் என்கிற தானியங்கிச் சுவிட்ச். பச்சையை அமத்தினால் கொன்டக்டர் ‘டக்’ என்று உள்ளே இழுத்து மோட்டருக்குக் கரண்டை விடும். சிவப்பை அமத்தினால் விட்டுவிடும். கொஞ்ச நாளாக அந்தக் கொன்டக்டர் வண்டு மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அதை மாற்றத்தான் அன்று பகல் பேணாட் வந்தான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பெனலில் கைவைக்க முதல் பியூஸ்களைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மேசையில் வைக்க மாட்டான், இன்னொருவர் கையிலும் கொடுக்க மாட்டான். வேலை முடியும்வரை சட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தொங்கும். உம்மு குல்சும் அதைப் பார்க்கும்போதெல்லாம் சீண்டுவாள்.

“தம்பி, உங்கட பியூசை ஆரும் களவெடுத்திருவாங்களா?”

“களவெடுத்தாப் பரவாயில்லை அக்கா. திருப்பிப் போட்டிட்டாத்தான் பிரச்சினை.”

இனி, அவளுடைய மருமகன் முனீப். ரிஸ்லாவைக் கட்டி மாமி வீட்டுக்கு வந்தவன். பெக்டரி வேலையில் பாதி அவன் தலையில்தான். தங்கமான பிள்ளை. ஆனால் மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. கோபம் ஒன்றுமில்லை, மரியாதை. மாமி வந்தால் முனீப் கதிரையை விட்டு எழும்பி வெளியே போய்விடுவான். முனீப் குசினிப் பக்கம் வந்தால் மாமி முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நடுவில் நின்று இங்கே கேட்டதை அங்கே சொல்வது ரிஸ்லாவின் வேலை. “அவருக்கு இன்னும் சோறு வேணுமாண்டு கேளு மகள்” என்பாள், மருமகன் கைக்கெட்டிய தூரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே. வீட்டில் இதனால் ஒரு குறையும் வரவில்லை. பெக்டரியில் வந்தது.

அன்று காலை ரிஸ்லா மூலமாக மாமியின் சொல் வந்திருந்தது: மருமகன் மூதூருக்குப் போய் உப்பு ஏற்றிக்கொண்டு வரவேண்டும். முனீப்பும் சரி என்றான். பகல் பேணாட் பியூசைக் கழற்றுவதைக் கண்டதும் அவனுக்கு வேறு யோசனை வந்தது. மெசின் எப்படியும் நிற்கிறது; உருளையில் ஆடுகிற பற்களை இன்றைக்கே முறுக்கிவிடலாம், உப்பு நாளைக்கு. பேணாட்டிடம் சொன்னான். ரிஸ்லாவுக்குப் போன் எடுத்தான்; அவள் பிள்ளைக்கு ஊசி போடக் கிளினிக் போயிருந்தாள், எடுக்கவில்லை. மாமியிடம் நேரே சொல்வதா? அதெப்படி! ஸ்பானர்களை எடுத்துக்கொண்டு மெசினின் பின்பக்கத்தால் ஏறி உள்ளே இறங்கினான். முன்னால் நிற்கிறவர்களுக்கு அவன் தலைமுடிகூடத் தெரியாது.

இதில் ஒன்றும் உம்மு குல்சுமுக்கு அப்போது தெரியாது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் வந்தபோது வாசலில் மீன்பிடி வள்ளக்காரர் ஐஸுக்காகச் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்கள். மெசின் சும்மா நின்றது.

“என்ன ஹிஸ்புல்லா, ஏன் ஐஸ் போகல்ல?”

மெசின் ஓட்டுகிற ஹிஸ்புல்லா தலையைச் சொறிந்தான். “பேணாட் அண்ணன் புதுக் கொன்டக்டர் போட்டு முடிச்சிட்டாரு ராத்தா. பியூஸ் மட்டும் போடல்ல. போன் ஒண்டு வந்திச்சி, மோட்டச் சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடிட்டாரு. என்னவோ கத்திச் சொன்னவரு. இந்த இரைச்சல்ல ஆஸ்பத்திரி எண்டது மட்டுந்தான் கேட்டிச்சி.”

இரைச்சல் என்றது ஐஸ் உறையவைக்கிற கொம்பிரசரை. அதற்கு வேறு பெனல். இரவு பகலாக ஓடும். பக்கத்தில் நின்று காதுக்குள் கத்தினாலும் பாதிதான் விளங்கும்.

“அப்ப பியூஸ் எங்க?”

“அவர்ர பையில.”

உம்மு குல்சுமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேணாட்டுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. கிண்ணியாக் கடைகளில் கேட்டுப் பார்த்தாள். அந்த அளவுப் பியூஸ் ஒருவரிடமும் இல்லை. இதற்குள் ஜவ்பர் உள்ளே வந்தான். வள்ளக்காரர்களில் வாய் நீளமானவன்.

“ராத்தா, ஐஸ் இல்லாட்டிச் சொல்லுங்க. நாங்க வேற இடம் பாக்கிறம்.”

“வேற இடம் இரிந்தாப் போங்க ஜவ்பர். ஆரு உங்களக் கட்டி வச்சிரிக்கிற?”

ஜவ்பர் முகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். வேறு இடம் தூரம் என்பது அவனுக்கும் தெரியும்.

“தடிச்ச செப்புக் கம்பி வெட்டிப் போட்டா ஓடும் ராத்தா,” என்றான் ஹிஸ்புல்லா. “முந்தி அப்பிடித்தானே ஓட்டின.”

கம்பி போட்டு ஓட்டினால் ஒருநாள் மோட்டர் எரியும் என்று பேணாட் பலதரம் சொல்லியிருக்கிறான். அதனால் யோசித்தாள். யோசித்தது மோட்டரைப் பற்றி மட்டும்தான். “நான் போய் அந்த மனிசன்ட பைக்குள்ள கையப் போட்டாவது எடுத்துக்கிட்டு வாறன். நான் வரச் சுணங்கினா, நீ கம்பியப் போட்டு ஓட்டு,” என்று சொல்லிவிட்டு இன்ஷாபின் ஓட்டோவில் ஏறினாள்.

கிண்ணியாப் பாலம் ஏறும்போது தொடங்கிய ஏச்சு திருகோணமலை ஆஸ்பத்திரி வாசல்வரை ஓயவில்லை. பேணாட்டையும், அவன் பையையும், அந்தப் பையைத் தைத்த தையல்காரனையும் அவள் விட்டுவைக்கவில்லை. இன்ஷாப் நல்ல பிள்ளையாக றோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

விசாரித்துக்கொண்டு போனபோது, பிரசவ வாட்டுக்கு வெளியே மர வாங்கில் பேணாட் குந்தியிருந்தான். சட்டை ஒரு பக்கம் தொங்கியது. அவளைக் கண்டதும் எழும்பினான்.

“அக்கா! நீங்களே வந்திட்டீங்களா? சீலாவுக்குத் திடீரெண்டு வலி வந்திட்டுது. இன்னும் உள்ளுக்குத்தான்.”

வேறு நாளென்றால் அவள் அவன் மனைவி சீலாவைப் பற்றித்தான் முதலில் கேட்டிருப்பாள். “தம்பி, அல்லாஹ்வுக்காக அந்தப் பியூசைத் தாங்க. வள்ளக்காரர் என்னத் திண்ணுறாங்க.”

பேணாட் பையில் கையை வைத்தான். எடுக்கவில்லை. மூடிப் பிடித்துக்கொண்டான்.

“முனீப் வெளியில வந்திட்டாரா?”

“மருமகனா? அவரு மூதூருக்குப் போனவரு.”

“இல்லையக்கா. பல்லு முறுக்கவெண்டு மெசினுக்குள்ள இறங்கினவர். அவர் வெளியில வந்து தன்ரை வாயால சொன்னாத்தான் நான் பியூஸ் போடுவன். அதாலதான் கையோட கொண்டு வந்தனான். ஹிஸ்புல்லாட்டையும் கத்திச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்!”

வழியெல்லாம் அவனை ஏசியவளுக்கு, புறப்படும்போது தான் சொன்னது ஞாபகம் வந்தது. நான் சுணங்கினா கம்பியப் போட்டு ஓட்டு. தன் வாயால் சொன்னது. ரிஸ்லாவின் முகமும், இன்று ஊசிக்குப் பயந்து அழுதுகொண்டு போன பேத்தியின் முகமும் கண்ணுக்குள் வந்து நின்றன.

“கம்பி போடச் சொல்லிட்டன் தம்பி,” என்றாள்.

உடனே ஹிஸ்புல்லாவுக்குப் போன் எடுத்தாள். எடுத்தான். போனுக்குள் கொம்பிரசர்தான் இரைந்தது.

“ராத்தா... கம்பி போட்டாச்சி... பச்சைய அமத்தி அமத்திப் பாக்கிறன், ஓடுதில்ல... கொன்டக்டரக் குச்சியால அமத்தப் போறன்...”

“வேணா! ஹிஸ்புல்லா, தொடாத! மருமகன் உள்ள!”

“கேக்கல்ல ராத்தா...” போன் அறுந்தது.

“குச்சியால அமத்தினா ஓடியிடும் அக்கா!” பேணாட் கத்தினான். “வெளியில ஆர் நிக்கினம்? வெளியில நிக்கிற ஆளுக்கு எடுங்கோ!”

வெளியில் நின்றது ஜவ்பர். சற்றுமுன் போ என்று அவள் விரட்டிய ஜவ்பர். முதல் மணியிலேயே எடுத்தான்.

“ஜவ்பர் தம்பி, ஓடுங்க! ஹிஸ்புல்லாட கையப் புடிங்க! முனீப் மெசினுக்குள்ள!”

அவன் ஒரு கேள்வி கேட்கவில்லை. கால்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கொம்பிரசரின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதினாள். பக்கத்தில் பேணாட் சிலுவை போட்டுக்கொண்டான். உள்ளே மனைவி, அங்கே முனீப். யாருக்காகக் கேட்டானோ, இருவருக்காகவும்தான் இருக்கவேண்டும்.

திடீரென்று இரைச்சல் நின்றது. உள்ளே ஓடிய ஜவ்பர், கண்ணில் பட்ட ஆகப் பெரிய சுவிட்சை இழுத்து முழுப் பெக்டரியையும் நிறுத்தியிருந்தான். இரவு பகலாக ஓடுகிற இடம் அமைதியாகிப் போயிற்று. அந்த அமைதிக்குள், போன் வழியாக, அவளுக்கு ஒரு சின்னச் சத்தம் கேட்டது. இரும்பில் ஸ்பானர் தட்டுகிற சத்தம். டொக், டொக்.

பிறகு மெசினுக்குள்ளிருந்து ஒரு குரல்: “ஆரு கரண்ட நிப்பாட்டின? ஒண்டும் தெரியுதில்ல!”

“ராத்தா,” ஜவ்பர் மூச்சு வாங்கினான், “இரிக்கிறாரு ராத்தா. ஒண்டும் நடக்கல்ல. குச்சிய நான் வாங்கிட்டன். ஹிஸ்புல்லா கீழ இரிந்து அழுகிறான்.”

“அவர்ட்டக் குடுங்க.”

“ஆருட்ட? ஹிஸ்புல்லாட்டயா?”

“என்ட மருமகன்ட்ட.”

போன் கைமாறியது. இவ்வளவு காலத்தில் இருவரும் ஒரு போனின் இரண்டு முனையில் நின்றதில்லை.

“மகன்?” என்றாள்.

“ஓம் மாமி.”

“வெளிய வந்திட்டீங்களா?”

“வந்திட்டன் மாமி.”

உம்மு குல்சும் ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே குந்தியிருந்து, வெட்கம் பார்க்காமல் அழுதாள். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அவள் அழுது ஓய்ந்த பிறகுதான் பேணாட் பையிலிருந்ததை எடுத்துக் காட்டினான். மூன்று வெள்ளைப் பியூஸ்களோடு விரல்நுனியளவில் ஒரு கண்ணாடிப் பியூசும் இருந்தது. “பச்சைப் பட்டனுக்குப் போற கரண்ட் இந்தச் சின்னனுக்குள்ளாலதான் போறது. இது இல்லாட்டிக் கொன்டக்டர் இழுக்காது. பெரிய மூண்டையும் எடுத்தாப் போதும்தான். எண்டாலும் இதையும் எடுத்துப்போடுறது என்ரை பழக்கம்.”

கம்பி போட்டு ஹிஸ்புல்லா பச்சையை முதல்தரம் அமத்தியபோது மெசினை ஓடவிடாமல் மறித்தது அந்தக் கண்ணாடித் துண்டுதான். உம்மு குல்சுமுக்கு அது மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும் அவன் சட்டைப் பையின் ஓரத்தைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

“தம்பி, நான் ஏசினதெல்லாம் மன்னிச்சிருங்க.”

“எப்ப அக்கா ஏசினீங்க?”

“வழியெல்லாம். இன்ஷாபைக் கேளுங்க.”

பேணாட் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாட்டுக் கதவு திறந்து, பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்று செய்தி வந்தது. அந்தப் பிள்ளைக்கு முத்தம் கொடுத்தவர்களில் உம்மு குல்சும் இரண்டாவது ஆள். குறிஞ்சாக்கேணியில் ஜவ்பரும் மற்ற வள்ளக்காரர்களும் மரச்சுத்தியலால் தாங்களே கட்டியை உடைத்து ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனார்கள். அன்று ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

இப்போதெல்லாம் மெசினைத் துப்புரவாக்குகிற நாளில் அவளே வந்துவிடுகிறாள். மூன்று பெரிய பியூசையும் சின்னக் கண்ணாடிப் பியூசையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, பெனலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிடுவாள். வெளியில் ஜவ்பர் கத்துவான். கத்தட்டும். “வேலை முடிஞ்சுது, எல்லாரும் வெளியிலதான்” என்று ஹிஸ்புல்லா வந்து சொல்வான். ரிஸ்லா வந்து சொல்வாள். அவள் அசையமாட்டாள்.

முனீப் வரவேண்டும். மாமியைக் கண்டால் எழும்பி ஓடுகிற அந்த முனீப், கிறீஸ் பூசிய கையோடு அவள் முன்னால் வந்து நின்று, முகம் பார்த்துச் சொல்லவேண்டும்.

“மாமி, வந்திட்டன்.”

அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருதரம் நன்றாகப் பார்ப்பாள். “நல்லம் மகன்” என்பாள். அதற்குப் பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பாள்.