பூவாயியைக் கூப்பிட்ட குரல்

ஸிபான் போனில் கோல் எடுத்தபோது தினுஷன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். உயர்தர வகுப்பு, நாடகமும் அரங்கியலும். ஒரு பாத்திரத்தின் செயலுக்கு நாடகத்துக்குள்ளேயே காரணம் காட்டுக என்பது கேள்வி. முப்பத்திரண்டு பேரும் அவன் கரும்பலகையில் எழுதிப் போட்டதையே திருப்பி எழுதியிருந்தார்கள்.

ஸிபான் கட்டுகஸ்தோட்டையில் கல்யாண வீடியோ எடுப்பவன்.

"சேர், சஞ்சீவனி டீச்சர்ட கதைய எடுக்கிறம். மண்சரிவு நடந்து ஒரு வருசம் வருதே, அண்டைக்குத் தோட்டத்தில போட்டுக் காட்டப் போறாங்க. பூவாயி கூத்தும் டீச்சர்ட கதையும் ஒண்டாச் சேர்ந்து வரும். நீங்க இல்லாம எப்பிடி?"

"நான் என்ன செய்ய?"

"கொரல் குடுக்கணும். தோட்டத்தில ஒருத்தனும் ஒத்துக்கிறானில்ல. கறுப்பையா அண்ணன் செல்றார், அந்தக் கொரலப் பத்தி நீங்க கெம்பஸ்ல புத்தகமே எழுதினதாம்."

"புத்தகம் இல்ல. ஆய்வுக் கட்டுரை."

"எதாவது ஒண்டு. ஞாயித்துக்கிழமை வெளிச்சம் போக முந்தி வந்துடுங்க சேர்."

சரி என்றான். ஏன் சொன்னான் என்று யோசிக்கவில்லை. பத்து மாதமாக எதற்கும் சரி என்றுதான் சொல்லிவந்தான்.

பூவாயியின் கதை சின்னது. கோப்பித் தோட்டங்கள் போட்ட காலத்தில் மன்னாரில் இறங்கி மலைக்கு நடந்து வந்த ஒரு கூட்டம், வழியில் பெருகி ஓடும் ஓர் ஆற்றுக்கு வருகிறது. கையோடு கை கோத்து எல்லோரும் அக்கரை சேர்ந்துவிடுகிறார்கள். பூவாயியும் சேர்ந்துவிடுகிறாள். சேலைத் தலைப்பைப் பிழிகிறாள். அப்போது விட்டு வந்த கரையிலிருந்து ஒரு குரல், "பூவாயி, வா" என்கிறது. அவள் திரும்பி ஆற்றில் இறங்குகிறாள். அவ்வளவுதான். பன்விலைக்கு மேலே, தோட்டத்து ஓடையில் கிடக்கும் கறுத்த பாறைக்கு அவள் பெயர்.

குரல் யாருடையது என்று கூத்தில் சொல்வதில்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் நின்று ஒருவர் கூப்பிடுவார். கூப்பிட்டவரோடு மறுநாள் விடியும்வரை தோட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள். தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள். அதுதான் முறை.

தினுஷனின் கட்டுரை நாற்பது பக்கம். அந்தக் குரல் மரணத்தின் குரல் என்று அதில் நிறுவியிருந்தான். தகவல் சேகரிக்கத் தோட்டத்துக்கு வந்தபோதுதான் சஞ்சீவனியைப் பார்த்தான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன தாய்மார் வரும்வரை பதினேழு குழந்தைகள் அவள் பொறுப்பு. மடியில் ஒன்றைப் போட்டு ஆட்டிக்கொண்டே அவன் சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"எமன் கூப்புட்டா யாருங்க திரும்புவா? இன்னும் வேகமாத்தான் ஓடுவா. புருசன் கூப்புட்டிருப்பான். மூட்டையில எதையாச்சும் மறந்து வச்சிட்டு வந்திருப்பான்."

ஆதாரமில்லை என்று அதை அவன் சேர்க்கவில்லை. கட்டுரைக்கு ஏ தரச் சித்தி கிடைத்தது. சஞ்சீவனியும் கிடைத்தாள்.

மண்சரிந்த அன்று மாலை அவன் கண்டியில் வாடகை அறையில் இருந்தான். அவள் தோட்டத்தில், தாயின் லயத்து வரிசை வீட்டில் தங்கியிருந்தாள். பிள்ளைக் காம்பராவில் இருந்த எல்லாக் குழந்தைகளையும் அவளே கோயில் மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். லயத்து ஆட்களும் ஏறிவிட்டார்கள். பிறகு அவள் மட்டும் கீழே இறங்கினாள். மலை வந்து லயத்தின் மேல் உட்கார்ந்தது. அந்தத் தோட்டத்தில் போனது ஒருத்திதான்.

ஏன் இறங்கினாள் என்பதற்குத் தோட்டத்தில் ஒரே பதில்தான். அம்மன் விளக்கை எடுக்கப் போனாள். மூன்றாம் நாள் மண்ணைத் தோண்டியபோது விளக்கு அவள் கையில் இருந்ததாம். பெற்ற தாய் வேலாயியே சொல்லியிருக்கிறாள். வேறு சாட்சி எதற்கு? கோயிலில் அவள் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். போன மாதம் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு அவள் பெயர்.

தினுஷனின் போனில் வேறு பதில் இருந்தது. மாலை நாலு நாற்பத்தாறு. ஒரு நிமிடம் பன்னிரண்டு விநாடி. அழைத்தவன் அவன்.

அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு ஆசிரியர் நியமன நேர்முகம். பட்டச் சான்றிதழ் அவள் வீட்டு அலுமாரியில் இருந்தது. அதைத்தான் கேட்டான். வெள்ளத்தால் நேர்முகம் தள்ளிப்போனது. சான்றிதழின் மறுபிரதி பதினோரு நாளில் கிடைத்தது. நியமனமும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை, திருத்திய விடைத்தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது ஒன்றை மட்டும் முடிவு செய்திருந்தான். வேலாயியிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பிறகு துணிக்குப் பின்னால் நிற்பதா இல்லையா என்பதை அவள் தீர்மானிக்கட்டும்.

லயத்து ஆட்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில், இன்னும் வைத்திருந்தார்கள். சேலைகளைக் கட்டித் தடுத்த அறைகள். வேலாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்புள. சாப்புட்டீங்களா?"

"அத்த, ஒன்னு சொல்லணும்."

"சோறு இருக்கு. ரொட்டியும் இருக்கு."

"அன்னைக்கி அவ ஏன் கீழ எறங்குனான்னா..."

"தெரியும்" என்றாள். சுளகு நிற்கவில்லை. "பக்கத்துலதானே நின்னேன். ஒரு கையில கொடை, ஒரு கையில புள்ள. போன ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுனா."

தினுஷன் உட்கார்ந்தான். அங்கே ஒரு பிளாஸ்டிக் கதிரை இருந்தது.

"தோண்டி எடுத்தப்ப அந்த நீலக் கோப்பு அவ நெஞ்சுலதான் இருந்திச்சு. சட்டைக்குள்ள வச்சு சால்வையால கட்டியிருந்தா. நனஞ்சிரும்னு சொப்பிங் பேக் ரெண்டு சுத்தி. ஒரு சொட்டு தண்ணி எறங்கல." ஒரு கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "வெளக்கு வேற எங்கயோ கெடந்திச்சு. அவ கையில இருந்திச்சுன்னு நாந்தான் சொன்னேன்."

"கோப்பு?"

"அடுப்புல போட்டேன்."

கீழே யாரோ தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சித் தட்டிப் பார்க்கும் சத்தம் வந்தது.

"என்னையக் காப்பாத்தவா அத்த?"

வேலாயி முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களயா? நல்லாக் கேட்டீங்க. ஒரு காயிதக் கட்டுக்காகச் செத்தான்னு சொன்னா அவளுக்கு யாரு கூத்து கட்டுவா? புத்தியத்த சிறுக்கின்னுதான் சொல்லுவாளுக. போங்க. போயி அந்த ஒத்த வார்த்தையச் சொல்லிட்டு பஸ்ஸப் புடிங்க."

கோயில் மேட்டில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள். மேட்டின் விளிம்பிலிருந்து பார்த்தால் கீழே சிவந்த மண். அதில் இப்போது புல் முளைத்திருந்தது. லயம் இருந்த இடத்தில் ஒரு பலகைப் பெட்டியை வைத்து அதன் மேல் விளக்கு. குரல் வந்ததும் பூவாயி வேடக்காரி திரும்பி, மெல்ல இறங்கிப் போய், அந்த விளக்கை எடுக்க வேண்டும். கமரா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கும். இதுதான் ஸிபானின் திட்டம். பிள்ளைக் காம்பராவில் சஞ்சீவனியோடு வேலை செய்த தர்ஷிகா பூவாயி. வழக்கமாக ஆண்களே கட்டும் வேடம், படத்துக்காக மாற்றியிருந்தார்கள்.

கூத்தை நடத்தும் கறுப்பையா, மைக்கை அவன் கையில் கொடுத்தார்.

"சேர், நாப்பது பக்கம் எழுதினீங்க. இங்க ஒத்த வார்த்ததான். கஞ்சம் புடிக்காம நல்லா இழுத்துச் சொல்லுங்க."

"சரி."

"சொல்லி முடிச்சப்பறம் நாங்க யாரும் பேசலன்னு மனசுல வச்சுக்காதீங்க. முறை."

"தெரியும். எழுதியிருக்கேன்."

"அதான பாத்தேன்" என்று சிரித்துவிட்டு அவர் தப்புக்காரரிடம் போனார்.

துணிக்குப் பின்னால் நின்றால் எதுவும் தெரியாது. வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்ததால் ஆட்கள் நிழலாக அசைந்தார்கள். வேலாயி முன்வரிசையில், புல்லில் உட்கார்ந்திருப்பதை அவளுடைய கொண்டையை வைத்துக் கண்டுபிடித்தான். தப்பு தொடங்கியது. கறுப்பையா பாடினார். கூட்டம் ஆற்றைக் கடந்தது. தர்ஷிகாவின் நிழல் சேலைத் தலைப்பைப் பிழிந்தது. தப்பு நின்றது. அவன் முறை.

பாத்திரத்தின் செயலுக்கு நாடகத்துக்குள்ளேயே காரணம் இருக்க வேண்டும். முப்பத்திரண்டு பேருக்கும் அதற்கு முழுப்புள்ளி போட்டிருந்தான்.

"சஞ்சி" என்றான். ஒலிபெருக்கியில் அவன் குரல் மலையில் முட்டித் திரும்பியது. "எல்லாரும் மேல வந்துட்டீங்கதானே? அப்ப சரி. திங்கக்கெழம இன்டர்வியூ. அலுமாரியில, மேல் தட்டுல, என்ட நீலக் கோப்பு இருக்கு. மழ விட்டிருந்தா போயி எடுத்திட்டு வா."

கூட்டத்தில் யாரோ, "என்னவாம்?" என்றார்கள். யாரோ அதட்டினார்கள்.

தர்ஷிகாவின் நிழல் துணியையே பார்த்தபடி நின்றது. குரல் கேட்டால் பூவாயி திரும்ப வேண்டும். வேறு எதுவும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. திரும்பி இறங்கினாள்.

வேலாயியின் நிழல் எழுந்தது. பெரிதானது. துணியைச் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றாள். கை ஓங்குவாள் என்று நினைத்தான், ஆனாலும் அவன் நகரவில்லை. அவள் அவனுடைய பையைத் தோளிலிருந்து உருவி, திறந்து, விடைத்தாள் வைத்திருந்த கோப்பை வெளியே எடுத்தாள். தாள்களைப் பைக்குள் திணித்தாள். வெறும் கோப்போடு சரிவில் இறங்கினாள்.

தினுஷன் துணியின் ஓரத்திலிருந்து பார்த்தான். பெட்டியிலிருந்த விளக்கை அவள் எடுத்துப் புல்லில் வைத்தாள். அந்த இடத்தில் கோப்பை வைத்தாள். பிறகு தர்ஷிகாவின் கையைப் பிடித்து மேட்டுக்குக் கூட்டி வந்து, நின்ற இடத்திலேயே நிறுத்தினாள்.

"அம்மா, என்ன செய்றீங்க?" என்றான் ஸிபான். கமரா ஓடிக்கொண்டேயிருந்தது.

"வெளக்கு இல்ல தம்பி. அதுதான். அதத்தான் எடுக்கப் போனா."

கறுப்பையா தப்புக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். புல்லில் உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி வாயில் சேலையை வைத்தாள். ஸிபான் கமராவைப் பெட்டியின் பக்கம் திருப்பினான்.

"நீலம் என்டு செல்றார். இது பச்சையா இரிக்கி" என்றான் மெதுவாக. "கலர் பரவாயில்ல. எடிட்ல மாத்தலாம்."

வேலாயி துணியின் பக்கம் திரும்பினாள். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் மருமகனை ஒரு தடவையும் ஒருமையில் பேசியவளில்லை.

"இன்னொருக்கா சொல்லு" என்றாள். "அன்னைக்கிச் சொன்ன மாதிரியே சொல்லு."

அவன் சொன்னான். தர்ஷிகா பாதி வழியில் அழுதுவிட்டதால் அதுவும் பயன்படவில்லை. மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது. தர்ஷிகா கோப்பை எடுத்து, சட்டைக்குள் வைப்பதுபோல நெஞ்சோடு அணைத்து, மேட்டை நிமிர்ந்து பார்த்தாள். ஸிபான் கையை உயர்த்தினான்.

துணியைக் கழற்றினார்கள். மைக்கை வாங்க யாரும் வரவில்லை, புல்லில் வைத்தான். கோப்பையும் யாரும் கொண்டுவந்து தரவில்லை. ஸிபான் மட்டும் எதையோ சொல்ல வாயெடுத்தான். கறுப்பையா அவன் கையைப் பிடித்துத் தடுத்தார். வேலாயி பெண்களோடு தொழிற்சாலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.

பன்விலைக்கு நடந்தே இறங்கினான். வழியோரம் ஒரு பீலியில் விழுந்த மலைத் தண்ணீரைக் குடித்தான்.

விடியும்வரை முறை. திங்கட்கிழமை ஆறு மணிக்கு வெளிச்சம் நன்றாக வந்த பிறகு வேலாயிக்குக் கோல் எடுத்தான். மணி அடித்துக்கொண்டேயிருந்தது, அவள் எடுக்கவில்லை. பாடசாலைக்குப் போகும் வழியில் மறுபடி கோல் எடுத்தான். இடைவேளையில் எடுத்தான். அடித்தது. விடைத்தாள்களைப் பையிலிருந்து கசங்கியபடியே எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தான்.